அரைப் பேரும் அன்றாட உணவும்

சென்ற மாரிக்காலத்தில், ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் சிறு ஜெபாலயத்துக்கு மாலை ஆராதனைக்காகச் சென்றிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பிரசங்கித்தார். தனக்கெனக் கடவுளிடம் கேட்பது விசுவாசத்தின் அரிச்சுவடி என்றும், பக்குவமடைந்தோர் துதிப்பதோடு அமைவர் என்றும் அழகாகவே விளக்கினார். பின்னர், விரும்பியவர் வாய்விட்டு ஜெபிக்கலாமென்றார். கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் எழுந்து, "ஆண்டவரே, நாளைக்காச்சும் மழை விடணும்; இந்தக் கெழம பூரா அரைப் பேராவே விழுது" என்று கூறி அமர்ந்தார். சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது.

'பேர்' என்பது தோட்டத்துச் செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள் வேலை. குறித்த நிறை கொழுந்து சேராவிடில் அரைப் பேர்தான், கூலியும் பாதிதான்.

சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அச்சிரிப்பு என்னைச் சுட்டது. இயேசு தம் சீடருக்குக் கற்பித்த ஜெபம் இறைவனின் நாமம், இராச்சியம், சித்தம் என உயர்ந்து நின்று, அடுத்த கணமே அடுப்படிக்கு இறங்கி வருகிறதே! இன்றைய உணவு இன்றைக்கு வேண்டும் என்கிறது. அங்கே 'அன்றாட' என நாம் கொள்ளும் கிரேக்கச் சொல்லின் நுண்பொருள் யாதென்பதில் அறிஞர் இன்றும் ஒருமைப்பட்டாரில்லை. நாட்கூலி பெறுவோருக்கு அதற்கு அகராதி வேண்டியதில்லை.

தமிழில் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது மற்றொரு நயம் புலனாகும். கேட்பவரையும் உளப்படுத்தினால் 'நமக்கு' என்போம். விலக்கினால் 'எங்களுக்கு' என்போம். ஆங்கிலத்தில் இவ்வேற்றுமை இல்லை. ஜெபத்தில் நாம் சொல்வது 'எங்களுக்கு' என்றே. பசியறியாத உன்னை நீக்கி, பசிக்கின்ற நாங்கள் அனைவரும் என்பது அதன் பொருள். 'எனக்கு' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அந்தப் பெண்மணியும் 'எனக்கு' என்றாரில்லை. மழை விட்டால் அவருடைய மலைக்கு மட்டுமா விடும்?

தனக்கெனக் கேட்பது இழிவாயின், கெத்சமனேயில் இயேசுவே தம் துன்பம் நீங்கவேண்டுமென முதலில் கேட்டதை எங்கே வைப்பது? பிதாவின் சித்தத்துக்கு அவர் தம்மை ஒப்புக்கொடுத்தது அதன் பின்னரேயாம். நம் சைவ அன்பர்களும் இதை அறியாதவரல்லர். குண்டையூரில் பெற்ற நெல்லைத் திருவாரூருக்குச் சுமந்து செல்ல ஆள் தரவேண்டுமென்று கோளிலிப் பெருமானையே கேட்டவர் சுந்தரர்! அதற்காக அவரை அரிச்சுவடி மாணவரென்று எவரும் இகழ்ந்ததில்லை.

டிக்கோயாப் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி தேவாலயம் 1878-இல் எழுந்தது. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே முழந்தாளிட்ட துரைமார் துதியோடு மட்டும் எழுந்து போயிருப்பரென்று நான் நம்பவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். 'ஜெபியுங்கள், எல்லாம் வரும்' என்று சொல்லி உழைப்பாளியின் வாயை அடைப்போரும் உளர். ஆனால் லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் இடைவிடாத ஜெபத்துக்கு உதாரணமாக வரும் விதவை யார்? அநீதியுள்ள நடுவனிடம் ஓயாது சென்று நியாயம் கேட்டவள். நாட்சம்பளமாக 1000 ரூபா வேண்டுமென இம்மலைகளில் ஆண்டுக்கணக்கில் குரல் எழுந்த பின்னரே, 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் ஏறிற்று. கடவுளிடம் கேட்கக் கூசாதவர் துரையிடம் கேட்கவும் கூசமாட்டார். கேட்பதே தாழ்வென்று பழகியவர்தாம் இரண்டிடத்தும் வாய்மூடி நிற்பர்.

என் கதையும் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவி நோயுற்றிருந்தபோது, ஆஸ்பத்திரி விறாந்தையில் அமர்ந்து உலக சமாதானத்துக்காக ஜெபித்தவன் நான். அவளுக்காகக் கேட்பது சுயநலமென்று எண்ணினேன். அவள் பிழைத்தாள், அது வேறு. அந்த இரவில் ஆண்டவரிடம் நான் உண்மை பேசவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

ஆராதனைக்கு மறுநாளும் மழை விடவில்லை. பாடசாலைக்குச் செல்லும் பேருந்திலிருந்து பார்த்தேன். பெண்கள் படங்கைச் சுற்றிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தனர். மழை விடவேண்டுமென்று நானும் கேட்டேன்.