உருபு மாறினால் கணக்கும் மாறும்

செடெனாக் என்றதும், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போய் வருகிறவர்களுக்குச் சுங்கச் சாவடியும் செம்பனை மரங்களும்தாம் நினைவுக்கு வரும். ஜொகூரின் கூலாய் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூரின் பெயர் அண்மை ஆண்டுகளில் பொருளாதாரச் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. தோட்டமாக இருந்த நிலத்தில், 700 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா உருவாகியுள்ளது. அங்கே தரவு மையங்கள் அமைக்கப் போவதாகப் பிரின்ஸ்டன் டிஜிட்டல் குழுமம் 150 மெகாவாட், யோண்டர் குழுமம் 300 மெகாவாட் என்று அறிவித்தன. 2025 ஜனவரி 7-ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாட்டில், ஒன்பது முதன்மைப் பகுதிகளுள் ஒன்றாகச் செடெனாக்கும் இடம்பெற்றது. முதல் ஐந்தாண்டுகளில் 20,000 திறன்சார் வேலைகள் என்பது அந்த மண்டலத்தின் இலக்கு.

மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால், இதைப் படித்துவிட்டு "செடெனாக்கில் 20,000 வேலை காத்திருக்கிறது" என்று சொல்பவர், செய்தியைப் பாதிதான் படித்திருக்கிறார். 20,000 என்பது ஒன்பது பகுதிகளுக்கும் சேர்த்து, ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து. ஆண்டுச் சராசரி 4,000. அதையும் ஒன்பதால் வகுத்துச் செடெனாக்கின் பங்கு இவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. சமமாகப் பிரிப்பதாக எவரும் சொல்லவில்லை. மெகாவாட் என்பது மின்சாரத்தின் அளவு. அதை வைத்து எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம் என்று அறிய வழியில்லை. தரவு மையம் என்பது பெரும் முதலீட்டை விழுங்கி, கட்டி முடிந்தபின் ஒப்பளவில் குறைந்த ஆட்களோடு இயங்கும் தொழில். ஏக்கர், மெகாவாட், கோடி ரிங்கிட் என்று மூன்று எண்களைச் செய்தி கொடுக்கும். நமக்கு வேண்டிய நான்காவது எண்ணை நாம்தாம் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக் கேட்டுப் படிக்கும் பழக்கத்தைத்தான் இன்றைய வேலைச் சந்தை முதல் வாசலிலேயே சோதிக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் முன்பே பல பெரிய நிறுவனங்கள் கணினிவழித் தேர்வு ஒன்றை வைக்கின்றன. ஓர் அட்டவணை தருவார்கள்: நான்கு கிளைகள், மூன்றாண்டு விற்பனை, ஊழியர் எண்ணிக்கை, சம்பளச் செலவு. அதிலிருந்து கேள்விகள். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் கிடைக்கும். இவ்வகைத் தேர்வுகளால் உலகெங்கும் அறியப்பட்ட எஸ்.எச்.எல். நிறுவனம் 1977-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. ஆகவே இது நேற்று முளைத்ததன்று. நாம்தாம் காலம் கடந்து சந்திக்கிறோம்.

இத்தேர்வில் வரும் கணக்கு கடினமா? இல்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல், விழுக்காடு, விகிதம் ஆகிய அனைத்தும் நாம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே பார்த்தவை. கணிப்பானைப் பயன்படுத்தவும் பெரும்பாலும் அனுமதி உண்டு. அப்படியிருந்தும் நல்ல புள்ளிகளோடு பட்டம் பெற்றவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றால், கோளாறு வாய்ப்பாட்டில் இருக்க வாய்ப்பில்லை. வாசிப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். எழுதுபொருள் விற்கும் கடை ஒன்றுக்குக் கூலாய், செனாய், குளுவாங் என மூன்று கிளைகள். முதலாண்டு விற்பனை முறையே 400,000, 250,000, 350,000 ரிங்கிட். மறு ஆண்டு 440,000, 300,000, 343,000 ரிங்கிட். கூலாய் 10 விழுக்காடு உயர்ந்தது. செனாய் 20 விழுக்காடு உயர்ந்தது. குளுவாங் 2 விழுக்காடு சரிந்தது. மொத்த வளர்ச்சி எவ்வளவு?

அவசரக்காரர் 10-ஐயும் 20-ஐயும் கூட்டி, 2-ஐக் கழித்து, மூன்றால் வகுத்து 9.3 விழுக்காடு என்பார். விடைப் பட்டியலில் 9.3-உம் இருக்கும், தேர்வு அமைப்பவருக்கு நம் அவசரம் தெரியும். ஆனால் மொத்த விற்பனை 1,000,000-இலிருந்து 1,083,000-க்குத்தான் உயர்ந்திருக்கிறது. வளர்ச்சி 8.3 விழுக்காடு. மூன்று கிளைகளின் அடித்தொகை வெவ்வேறாக இருக்கும்போது விழுக்காடுகளைச் சராசரி பார்க்கக் கூடாது.

அடுத்த கேள்வி: எந்தக் கிளை சிறந்தது? செனாய்தான் வேகமாக வளர்ந்தது. ஆனால் கூலாயில் 4 பேர், செனாயில் 3 பேர், குளுவாங்கில் 3 பேர் வேலை செய்கிறார்கள் என்று அட்டவணையின் கடைசிப் பத்தி சொன்னால்? ஆள் ஒன்றுக்கு விற்பனை கூலாயில் 110,000, செனாயில் 100,000, குளுவாங்கில் ஏறக்குறைய 114,300 ரிங்கிட். சரிந்த கிளையே ஆளுக்கு அதிகம் விற்றிருக்கிறது! எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சிறந்தவர் மாறிவிடுகிறார். சரியும் கிளையை மூட வேண்டும் என்று மேலாளர் கூட்டத்தில் பேச்சு எழுந்தால், அங்கே வேலை செய்யும் மூவரின் பிழைப்பு இந்த வகுத்தலில்தான் தொங்குகிறது.

இனி மொழிக்கு வருவோம். "சம்பளச் செலவு 20 விழுக்காடு உயர்ந்தது" என்பது ஒன்று. "சம்பளச் செலவு விற்பனையில் 20 விழுக்காடாக உயர்ந்தது" என்பது முற்றிலும் வேறு. முன்பு 16 விழுக்காடாக இருந்தது 20 ஆகியிருந்தால், அது நான்கு விழுக்காட்டுப் புள்ளி உயர்வு. பழைய பங்கோடு ஒப்பிட்டால் 25 விழுக்காடு உயர்வு. "இல்", "ஆக", "விட" ஆகிய சிறு சொற்கள் நிற்கும் இடத்தில்தான் விடை ஒளிந்திருக்கிறது. "ஐந்தில் ஒரு பங்கு", "ஐந்தாகப் பங்கு", "ஐந்தைவிட ஒரு பங்கு கூடுதல்" மூன்றும் ஒன்றாகுமா? தேர்வு ஆங்கிலத்தில் நடந்தாலும், உருபு மாறினால் பொருள் மாறும் என்று இலக்கண வகுப்பில் பழகிய நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. தமிழ் படித்தவர்களுக்கு எண் வராது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. உருபைக் கவனித்துப் படிக்கத் தெரிந்தவர் அட்டவணையையும் கவனித்துப் படிக்க முடியும்.

வேலைத் தேர்வோடு இந்தப் பேச்சு முடிந்துவிடுமானால், இக்கழக வெளியீட்டில் இதை எழுத வேண்டியதில்லை; பயிற்சி நூல் ஒன்றை வாங்கினால் போதும். நம் சமுதாயத்திற்கும் சம்பள அட்டவணைக்கும் உள்ள உறவு அதைவிட நீண்டது.

ரப்பர்த் தோட்டக் காலத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, வாளியில் பால் சுமந்து வந்து கொட்டினார்கள் நம் பாட்டன் பாட்டிமார். அங்கே கிராணி பாலை நிறுப்பார். பிறகு ஒரு மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் எத்தனை விழுக்காடு உலர்ந்த ரப்பர் என்று குறிப்பார். 20 கிலோ பாலில் 33 விழுக்காடு என்றால் 6.6 கிலோ ரப்பர். 30 விழுக்காடு என்று எழுதினால் 6 கிலோதான். மூன்று புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் 6.6-இல் 0.6 போனால், கிலோ கணக்கில் கிடைக்கும் கூலியில் ஏறக்குறைய 9 விழுக்காடு போய்விடும். போதாதற்கு, ரப்பர் விலையோடு கூலி ஏறி இறங்கும் முறையும் இருந்தது. பாலைச் சுமந்தவருக்குக் கருவியின் எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால், அந்த எண்ணைக் கேள்வி கேட்கவும் முடிந்திருக்கும். தெரியாத இடத்தில், எழுதியவர் எழுதியதே கணக்கு. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் சம்பளப் பேச்சு வார்த்தைகளில் அமர்ந்தபோதும் மேசையின் மீது இருந்தவை இதே எண்கள்தாம்.

இன்று அந்தச் சீட்டு கைப்பேசிக்கு வந்துவிட்டது. எண்கள் மட்டும் போகவில்லை. தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 ரிங்கிட், 2016-இல் 1,000, 2019-இல் 1,100, 2020-இல் நகரப் பகுதிகளில் 1,200, 2022 மே மாதத்தில் 1,500, 2025-இல் 1,700. கடைசி உயர்வு 200 ரிங்கிட், அதற்கு முந்தியது 300. விழுக்காட்டில் 13.3-உம் 25-உம். 900-இலிருந்து 1,700 வரை மொத்தம் 88.9 விழுக்காடு. அதைப் பன்னிரண்டு ஆண்டுகளால் வகுத்து ஆண்டுக்கு 7.4 என்பார் ஒருவர். ஒவ்வோர் ஆண்டும் அடித்தொகை வளர்வதைக் கணக்கில் கொண்டால் ஆண்டுக்கு 5.4 விழுக்காடுதான். உணவு விலையும் வாடகையும் எவ்வளவு ஏறின என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே, தொழிலாளி முன்னேறினாரா என்று பேச முடியும்.

அதே 1,700-ஐ இன்னும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் கட்டுகிறார். முதலாளி 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் கட்டுகிறார். சொக்சோ முதலியவற்றை விட்டுவிட்டாலும், முதலாளியின் ஏட்டில் செலவு 1,921. ஒப்பந்தத்தில் சம்பளம் 1,700. கையில் கிடைப்பது 1,513. ஒரே வேலைக்கு மூன்று எண்கள். எவரும் பொய் சொல்லவில்லை. எந்த எண் என்று கேட்காதவர்தாம் ஏமாறுகிறார்.

வேலை விளம்பரத்தில் "சராசரிச் சம்பளம் 3,000" என்று போட்டிருந்தாலும் இதே கேள்விதான். நான்கு பேருக்கு 1,700, மேலாளருக்கு 8,200 என்றால் சராசரி சரியாக 3,000 வரும். ஆனால் அந்த 3,000-ஐ வாங்குபவர் அந்த அலுவலகத்தில் ஒருவருமில்லை. வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் 1,700. புள்ளிவிவரத் துறை 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட சம்பள ஆய்விலும் நாட்டின் சராசரி மாதச் சம்பளம் 3,212 ரிங்கிட், நடுநிலைச் சம்பளம் 2,424 ரிங்கிட் என்று இரண்டும் தரப்பட்டன. இடைவெளி 788 ரிங்கிட். மேடையில் பேசுபவர் தமக்கு வசதியான ஒன்றை எடுத்துக்கொள்வார். மற்றொன்றைக் கேட்கத் தெரிந்தவர் அவையில் இருக்க வேண்டும்.

"கணினியும் செயற்கை நுண்ணறிவும் கணக்குப் போட்டுவிடுமே, நாம் ஏன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும்?" என்று தம்பி தங்கையர் கேட்பது காதில் விழுகிறது. கணக்கை அவை போடும். எதை எதால் வகுக்க வேண்டும் என்று கேட்பவர் தவறாகக் கேட்டால், தவற்றையே விரைவாகப் போட்டுக் கொடுக்கும். இன்னொரு முறையீடு, இத்தேர்வுகள் ஆங்கிலத்தில் வருவதால் நமக்குப் பாதகம் என்பது. அதில் நியாயம் உண்டு. ஒரு நிமிடத்தில் வேற்று மொழியில் அட்டவணையைப் படிப்பது எளிதன்று. ஆயினும், சிந்தனை முறையைத் தாய்மொழியில் பழகியவருக்கு மிஞ்சுவது இருபது முப்பது ஆங்கிலச் சொற்களை அறிவது மட்டுமே. குறுக்கு வழி கற்றுத் தருகிறோம் என்று நூற்றுக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒருநாள் பயிற்சிகளை நாடுவதைவிட இது நிலைக்கும்.

எனவே நம் தமிழ்க் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்று சொன்ன வள்ளுவரை ஆண்டுதோறும் மேடையில் போற்றுகிறோம். கவிதை, சிறுகதை, சொற்போர் எனப் போட்டிகள் நடத்துகிறோம்; நடத்தவும் வேண்டும். மாதத்தில் ஒரு மாலையை மற்றக் கண்ணுக்கும் கொடுப்போம். மூன்று தாள்கள் போதும்: பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையிலிருந்து ஒரு பக்கம், பெயர் மறைத்த சம்பளச் சீட்டு ஒன்று, அன்றைய நாளிதழின் பொருளாதாரச் செய்தி ஒன்று. முதல் இரண்டு நிமிடம் கணிப்பானைத் தொடக் கூடாது. இந்தப் பத்தி என்ன, அலகு ஆயிரமா மில்லியனா, ரிங்கிட்டா சிங்கப்பூர் வெள்ளியா, மாதமா ஆண்டா, விழுக்காடு எதிலிருந்து என்று ஒவ்வொருவரும் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பின் கணக்கு. கணக்கியல், பொறியியல், மனிதவளத் துறைகளில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஆண்டுவிழா நன்கொடையோடு நில்லாமல், இந்த மாலைகளுக்கு ஒரு மணி நேரம் தந்தால் அது பெருங்கொடை.

செடெனாக்கில் இனியும் கட்டடங்கள் எழும்; அறிவிப்புகள் வரும். அங்கே வேலைக்கு மனுச் செய்யும் நம் பிள்ளை தேர்வில் தேறவேண்டும் என்பது நம் விருப்பம். தேறியபின் கையில் தரும் சம்பளக் கடிதத்தை, கையெழுத்திடும் முன் வரிவரியாகப் படித்து, "இந்த விழுக்காடு எதில்?" என்று தயங்காமல் கேட்கவும் வேண்டும்.