ஒளிபரப்பிய பிறகு ஒரு விசாரணை

2007 மார்ச் 4, தவக்காலத்தின் இரண்டாவது ஞாயிறு இரவு, 'இயேசுவின் தொலைந்த கல்லறை' என்ற ஆவணப்படம் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. படம் முடிந்த கையோடு செய்தியாளர் டெட் கோப்பல் தலைமையில் அறிஞர்கள் விவாதம். எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுத்துவிட்டோம் என்று தொலைக்காட்சி நிர்வாகம் சொல்லிக்கொள்ளும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு உப்பு பரிமாறும் உபசாரம் இது.

படத்தைத் தடை செய்யச் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கிறிஸ்தவத்தின் தோற்றத்தைக் கேள்வி கேட்பது புதிதுமல்ல. 1835இல் இயேசுவின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியதற்காக ஜெர்மன் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராஸ் வேலையையே இழந்தார். அவர் கேட்ட கேள்விகளை இன்று இறையியல் கல்லூரிகளே மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகின்றன. நம் ஆத்திரமெல்லாம், இதுதான் இயேசு குடும்பத்தின் கல்லறை என்ற சரிபார்க்காத விடையை நியூயார்க்கில் செய்தியாளர்களைக் கூட்டி, அங்கிருந்து எடுத்த இரண்டு எலும்புப் பெட்டிகளையும் மேடையேற்றி அறிவித்ததன் மீதுதான்.

முதலில், அந்தக் கல்லறை தொலையவே இல்லை. 1980இல் ஜெருசலேமின் தல்பியோட் பகுதியில் அடுக்குமாடி கட்ட நிலத்தைத் தோண்டியபோது அது கிடைத்தது. உள்ளே பத்துச் சுண்ணாம்புக்கல் பெட்டிகள், ஆறில் பெயர்கள். தொல்லியலாளர் அமோஸ் க்ளோனர் 1996இல் முழு அறிக்கையும் வெளியிட்டார். அந்தப் பெயர்களும் அபூர்வமல்ல: அவற்றில் ஒன்றான 'யோசேப்பின் மகன் யேசு' என்பதையே பொறித்த வேறொரு பெட்டியைத் தொல்லியலாளர் எலியேசர் சுகேனிக் 1931லேயே உலகறியச் செய்திருந்தார். அக்காலத்தில் பெயர் தெரிந்த யூதப் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தி மரியா.

இதெல்லாம் போகட்டும். பொறுக்க முடியாதது அந்த மரபணுச் சோதனை. பெட்டிகளிலிருந்த எலும்புகளை யூத வழக்கப்படி மறு அடக்கம் செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அடியில் ஒட்டியிருந்த துகளைச் சுரண்டி எடுத்துக் கனடாவில் சோதித்தார்கள். சோதித்தது இரண்டே பெட்டிகள்: யேசு என்று எழுதியது, மரியம்னே என்று படிக்கப்பட்டு, மகதலேனா மரியாவுடையது என்று படம் சொல்வது. பார்த்தது தாய்வழி மரபணு; அது இரண்டிலும் பொருந்தவில்லை. ஆக, இருவரும் தாய்வழியில் உறவினர் அல்லர் என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்ல முடியாது. தகப்பனும் மகளுமாகலாம், ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாரத்துப் பிள்ளைகளாகலாம், மாமனாரும் மருமகளுமாகலாம். படமோ இருவரும் கணவன் மனைவி என்று நேரே கல்யாணப் பந்தலுக்குப் போய்விடுகிறது! 'யேசுவின் மகன் யூதா' என்ற பெட்டியும் அதே கல்லறையில்தான் இருந்தது. தாய் யார் என்று காட்டக்கூடியது தாய்வழி மரபணுதானே? அந்தப் பெட்டியை ஏன் சோதிக்கவில்லை? மேலும், பத்துப் பெட்டிகளில் சுமார் பதினேழு பேரின் எலும்புகள் இருந்திருக்கும் என்பது க்ளோனரின் மதிப்பீடு. சுரண்டியெடுத்த துகள் யாருடையது? ஆய்வகத்தின் விஞ்ஞானி கார்னி மதேசன் தன் சோதனைக்கு உள்ள எல்லையை எழுதிக்கொடுத்திருக்கிறார். அதைக் கோப்பல்தான் வாசித்துக் காட்டினார், படம் முடிந்த பிறகு. வாசிக்கத் தெரிந்த நிர்வாகம் முன்னமே வாசித்திருக்கலாம்.

படத்துக்குப் பேட்டி கொடுத்த பேராசிரியர் பிரான்சுவா போவோன், மரியம்னே என்பது மகதலேனாவின் உண்மைப் பெயர் என்று தான் நம்பவில்லை என்று பிறகு எழுதினார். இந்தப் பெயர்கள் தற்செயலாக ஒன்றுசேரும் வாய்ப்பு அறுநூறுக்கு ஒன்று என்று கணக்குப் போட்ட புள்ளியியலாளர் ஆண்ட்ரே ஃபியூர்வெர்கரும், தமக்குத் தரப்பட்ட அனுமானங்களைப் பொறுத்தது அந்த எண் என்றார். தூண்கள் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருக்க, கூரைக்கு மட்டும் விளம்பரம் நடந்தது.

இவர்களுக்கு இது முதல் முறையும் அல்ல. 2002 அக்டோபரில் 'இயேசுவின் சகோதரன் யாக்கோபு' என்று பொறித்த எலும்புப் பெட்டியை வாஷிங்டனில் அறிவித்தபோது மேடையில் இருந்ததும் இதே தொலைக்காட்சி. படம் எடுத்தவரும் இதே சிம்கா ஜகோபோவிச். 2003 ஈஸ்டருக்கு அதை ஒளிபரப்பினார்கள். ஜூன் மாதம் இஸ்ரேல் தொல்லியல் துறையின் குழு அந்தப் பொறிப்பைப் போலி என்றது. அதன் உரிமையாளர் மீதான வழக்கு 2012 வரை நடந்தது. வேறு யாராயிருந்தாலும் அந்தப் பெட்டியின் பேச்சையே எடுக்கமாட்டார்கள். புதிய படமோ, தல்பியோட்டில் காணாமல்போன பத்தாவது பெட்டி அதுவாகவே இருக்கலாம் என்கிறது. பத்தாவது பெட்டியில் எழுத்தே இல்லை என்பது அகழாய்வாளர்களின் வாக்குமூலம். யாக்கோபு பெட்டி 1970களில் எடுத்த புகைப்படத்தில் இருக்கிறது என்று அதன் உரிமையாளர் தரப்பு படம் வருவதற்கு முந்தைய மாதம்தான் நீதிமன்றத்தில் வாதாடியது. 1980இல் திறந்த கல்லறையிலிருந்து 1970களின் புகைப்படத்துக்கு அது எப்படிப் போயிற்று? நிர்வாகத்தில் ஒருவருக்குமா இந்தக் கேள்வி தோன்றவில்லை? தோன்றியும் தவக்கால விளம்பர வருமானத்தை விட மனம் வரவில்லையா?

இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் கேமரூன் தன் திரைப்படத்தில் கப்பலைக் கவிழ்த்துக் காட்டினால் பார்க்கலாம், அது கதை. ஆவணப்படம் என்ற பெயரைப் போட்டுக்கொள்பவர்களுக்கு ஏதாவது ஒரு வரைமுறை வேண்டும். அரசு அதில் தலையிடக் கூடாது, திருச்சபையும் கூடாது. அறிஞர்களும் ஊடகத்தினரும் கூடிப் பேசி ஒரு வழி காணட்டும். அடுத்த ஈஸ்டருக்கு இவர்கள் வேறொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் காணட்டும்.