ஓட்டு கூடினால் திறமை கூடுமா?

பாடல்களை இடைவெளியின்றிக் கலந்து ஒலிக்கச் செய்பவர் டிஜே. இங்கிலாந்தின் டிஜே மேக் இதழ் ஆண்டுதோறும் இன்டர்நெட்டில் ஓட்டெடுப்பு நடத்தி, 100 டிஜேக்களை வரிசைப்படுத்துகிறது. 1997இல் முதலிடம் பெற்ற கார்ல் காக்ஸ், மூன்று டர்ன்டேபிள்களை ஒரே நேரத்தில் கையாள்வதில் பெயர் பெற்றவர். 2016இல் முதலிடம் பிடித்த மார்ட்டின் காரிக்ஸை உலகம் அறிந்ததோ 2013இல் வெளியான 'அனிமல்ஸ்' மூலம்.

பாட்டுத் தயாரிப்பது ஒரு திறமை. கூட்டத்தின் மனநிலை அறிந்து, தாளம் பிசகாமல் அடுத்த பாட்டை இணைப்பது வேறு திறமை. ஓட்டுகள் இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. நேரில் கேட்காதவரும் மவுஸைக் கிளிக் செய்து ஓட்டுப் போடலாம். ரசிகர் பலம்தான் அதில் தெரியும்.

எனவே பட்டியலைப் புதியவர்களின் பெயரை அறிய மட்டும் பயன்படுத்துங்கள். திறமையை அறிய யூடியூபில் அவரது ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஹெட்போனில் முழுதாகக் கேளுங்கள். பாட்டு மாறிய இடம் உறுத்தாவிட்டால், உங்கள் ஓட்டை அவருக்கே போடுங்கள்!