பாட்டுக் கேட்டால் பாடம் ஏறுமா?

கடலூரானாலும் சிதம்பரமானாலும் பரீட்சை வந்தால் வீட்டுக்கு வீடு ஒரே சண்டை!

"பாட்டுக் கேட்டால்தான் படிப்பு ஏறும்" என்கிறான் பையன். "பாட்டை நிறுத்து" என்கிறார் அப்பா.

யார் சொல்வது சரி?

1993-ம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. 36 மாணவர்கள் 10 நிமிடம் மோசார்ட் இசையைக் கேட்டார்கள். பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களைப் போட்டார்கள். மதிப்பெண் கூடியது. ஆனால் அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை! அது ஞாபக சக்திக்கு வைத்த சோதனையும் அல்ல.

அப்படியானால் பாட்டுக்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

உண்டு!

கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்தவர் அப்பர். அவர் பாடி 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தத் தேவாரத்தை ஓதுவார்கள் இன்றும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். எப்படி முடிகிறது? அங்கே பாடமே பாட்டு! ஒரு சொல் மறந்தாலும் பண்ணும் தாளமும் அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

பாடம் ஒன்று, பாட்டு ஒன்று என்றால் கதை வேறு. கண் புத்தகத்தில், காது சினிமாப் பாட்டில். புத்தகத்தின் சொல்லும் பாட்டின் சொல்லும் மோதிக்கொள்கின்றன. பாடம் நழுவுகிறது.

வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லட்டும். யாரும் அதட்ட வேண்டாம். சினிமாப் பாட்டு மட்டும், படித்து முடிக்கும் வரை காத்திருக்கட்டும்!