எங்கள் கண்ணின் கணக்கு எங்கள் கொப்பியில்

கெலிஓயாவில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எங்களில் ஒருத்தி அதைக் கவனித்தாள். இடக் கண்ணைப் பொத்தினாள். கம்பளையிலிருந்து வந்த இ.போ.ச. பஸ் வெளுத்த செங்கல் நிறம். வலக் கண்ணைப் பொத்தினாள். அதே பஸ் நல்ல சிவப்பு. கண்ணை அசைத்தால் உள்ளே வலி. கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினாள். சில கிழமைகளில் பார்வை திரும்பியது, எல்லாரும் மறந்துபோனார்கள். கால்கள் மரத்துப்போன பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., நோயோடு வாழும் நாங்களும் எங்கள் வீட்டாரும் கெலிஓயாவில் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். கோரிக்கை ஒன்றே: எம்.எஸ். உள்ள ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை கண்ணில் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்து, அதில் வரும் எண்ணைக் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும்.

ஏன் கண்? எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை அரிக்கிறது. உறை போனால் உள்ளிருக்கும் இழையும் மெல்லச் சாகிறது. விழித்திரையும் மூளையோடு பிறந்த திசுதான். ஆனால் அங்கே ஓடும் நரம்பிழைகளுக்கு மயலின் உறை கிடையாது. ஆகவே அந்த நரம்பிழைப் படை மெலிந்தால், போனது இழையேதான். 1991இல் அமெரிக்காவில் அறிமுகமான ஓ.சி.டி., கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியால் அந்தப் படையை மைக்ரோன் கணக்கில் அளக்கிறது. ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை. நாடியைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைச் சில நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

சுகதேகிக்கு அந்தப் படை சராசரியாக 100 மைக்ரோன் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. பல நாடுகளில் 879 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. படை 87, 88 மைக்ரோனுக்கு மேற்படாதவர்களுக்கு, அடுத்த சில வருடங்களில் இயலாமை கூடும் அபாயம் இரட்டிப்பு என்று அது கண்டது. எம்.எஸ்.ஐக் கண்டறியும் மக்டொனால்ட் விதிகளின் 2024 திருத்தமும் கண் நரம்பை நோய் தாக்கும் ஐந்தாவது இடமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதன் எல்லையும் எங்களுக்குத் தெரியும். எம்.ஆர்.ஐக்கு இது மாற்று அல்ல. கண் நரம்பு அழன்றிருக்கும் நேரத்தில் வீக்கம் படையைத் தடிப்பாகக் காட்டும். சில மாதம் பொறுத்தே அளக்க வேண்டும். குளுக்கோமாவும் இதே படையைத் தேய்க்கும். ஒரு முறை எடுத்த எண் அதிகம் சொல்லாது. முடிந்தவரை ஒரே கருவியில், வருடா வருடம் எடுத்தால்தான் பேசும்.

நாங்கள் புதிய இயந்திரம் கேட்கவில்லை. நீரிழிவுக்கும் குளுக்கோமாவுக்கும் ஓ.சி.டி. எடுப்பது இந்த நாட்டுக் கண் கிளினிக்குகளுக்குப் பழகிய வேலை. நரம்பு டொக்டர் கண் டொக்டருக்கு எழுதும் ஒரு துண்டு, அங்கிருந்து திரும்பி வரும் ஓர் எண், அதைத் தமிழில் எங்களுக்கு விளக்க இரண்டு நிமிடம். கேட்பது இவ்வளவே.

எம்.எஸ். உள்ள சகோதரரே, சகோதரியே, அடுத்த கிளினிக்கில் கொப்பியை நீட்டி, "என் கண்ணின் எண் எத்தனை?" என்று கேளுங்கள். நோய் இல்லாதவர்களுக்கும் ஒரு சொல்: ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.