மெஷின் வாங்க முன் பேப்பரை எண்ணுவோம்

 

இரண்டு நாளாக எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பத்திரிகை அறிவித்தல் சுற்றுகிறது. அரச அலுவலகம் ஒன்று பாவனையிலிருந்து நீக்கிய அச்சு இயந்திரங்களை ஏலம் விடுகிறதாம். "பெரிய ஓப்செட் மெஷின் சேர், இரும்பு விலைக்குப் போகும். எல்லாரும் சேர்ந்து எடுத்தால் பிள்ளைகளின் பேப்பர் பிரச்சினை தீரும்" என்று பழைய மாணவர்கள் இருவர் கோல் எடுத்தார்கள்.

நிய்யத் நல்லது. பிரச்சினையும் உண்மை. கொழுந்து பறித்தும் ரப்பர் பால் வெட்டியும் பிள்ளையைப் படிப்பிக்கிற பெற்றோரிடம் மாதிரி வினாத்தாளுக்கென்று அடிக்கடி காசு கேட்க எனக்கு வாய் வருவதில்லை. கேட்காவிட்டால் கேள்விகளைக் கரும்பலகையில்தான் எழுத வேண்டும். கேள்வியைப் பார்த்து எழுதவே பாதி நேரம் போய்விடும், விடை எழுத மிச்சம் இருக்காது. புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கு இது சின்ன இழப்பல்ல.

ஆனாலும் அந்தப் பெரிய மெஷின் வேண்டாம் என்பதே என் கருத்து.

2022 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். ஐலண்ட், திவயின பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. அவர்களிடம் மெஷின் இல்லையா? இருந்தது. பேப்பரும் மையும்தான் இல்லை. மெஷின் ஒருமுறைச் செலவு. பேப்பர், மை, திருத்த வரும் ஆள் எல்லாம் ஒவ்வொரு தவணையும் வரும் செலவு. நாங்கள் தடுமாறுவது அந்த இரண்டாவதில்.

ஓப்செட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தகடு செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் அடித்தால் கட்டும். எங்கள் வகுப்பில் முப்பது, நாற்பது பிள்ளைகள். பெரிய மெஷினுக்குத் த்ரீ பேஸ் கரண்ட், உறுதியான தளம், தொழில் தெரிந்த ஆள் வேண்டும். ஏற்றி இறக்கும் கூலி வேறு. கல்யாணக் காட் அடித்துச் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். அது அச்சகம் நடத்தும் தொழில். பாடம் நடத்துகிறவர்களால் முடியாது.

நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலைக்கும் இப்படித்தான் ஓர் அலுவலகம் கழித்த டூப்ளிகேட்டர் மெஷின் வந்தது. மாலை போடாத குறையாக வரவேற்றோம். ஒரு தவணை ஓடியது. பிறகு அந்த மொடலுக்கு மாஸ்டர் ரோல் கிடைக்கவில்லை. அதன் பிறகு வருடாவருடம் பொருட்கணக்கெடுப்பில் அதன் இலக்கத்தை வாசிப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அதற்காக ஏலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே ஏலத்தில் ரிசோ மாதிரி சின்ன டூப்ளிகேட்டர் இருந்தால் போய்ப் பார்க்கலாம். ஒரு மாஸ்டர் வெட்டினால் நூற்றுக்கணக்கில் அடிக்கலாம், சாதாரண பிளக் போதும். பத்துப் பாடசாலைகள் சேர்ந்தால் தாராளமாகக் காணும்.

ஆனால் இரத்தினபுரியில் கல் வாங்குகிறவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் காசை எடுப்பாரா? நாங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஏலத்தில் பொருள் உள்ளது உள்ளபடியே கைமாறும், பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் பார்வையிட விடும் நாளிலேயே மெக்கானிக் ஒருவரோடு போவோம். பழுதானதால் கழித்தார்களா, புதியது வந்ததால் கழித்தார்களா என்று கேட்போம். இதுவரை எத்தனை பிரதி அடித்தது என்று கவுண்டரில் பார்ப்போம். அந்த மொடலுக்கு மையும் மாஸ்டரும் இன்றும் கடையில் கிடைக்கிறதா என்று முதலே விசாரிப்போம். எங்கள் ஊர் மழையும் வெள்ளமும் தெரியும்தானே, ஈரம் படாத உயரமான அறை ஒன்றும் தேவை.

இன்னொன்று. மெஷினுக்கு எவ்வளவு சேர்க்கிறோமோ, அதே அளவு காசைப் பேப்பருக்கும் மைக்கும் முதலில் ஒதுக்குவோம். அது சேராவிட்டால் ஏலத்துக்கே போக வேண்டாம். சேர்ந்த காசுக்குப் பேப்பர் வாங்கி, டவுனில் மொத்தமாக அடித்து எடுப்போம்.

இது பெற்றோரின் வியர்வைக் காசு, எங்கள் கையில் அமானிதம். ஞாயிறு காலை பாடசாலையில் கூடிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள்.