பேயாகக்கூட வராதவர்கள்

உலகின் விசித்திரமான இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் நான்கைந்து பெயர்கள் தவறாமல் வந்துவிடும். துர்க்மெனிஸ்தான் பாலைவனத்தில் பல்லாண்டுகளாக எரிந்துவந்த தர்வாசா எரிவாயுக் குழி, பொலிவியாவின் உயூனி உப்புப் பாலை, 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த மறுநாள் மக்களைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றிய பிரிப்யாட் நகரம், ஜப்பானின் ஹஷிமா தீவு. நம் நாட்டுக்கென்று ஒரு பட்டியல் போட்டால், பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கு அருகில் நிற்கும் கெல்லி மாளிகை நிச்சயம் அதில் இருக்கும்.

இயற்கை படைத்த விசித்திரங்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. மனிதன் கட்டி மனிதன் கைவிட்ட இடங்களை நாம் பார்க்கும் விதத்தில்தான் எனக்கு ஒரு குறை உண்டு. அதை வாசக நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

கெல்லி மாளிகையையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இளம் வயதில் மலாயாவுக்கு வந்து, கிந்தாவில் ரப்பர்த் தோட்டம் கண்டு பெரும் பணக்காரர் ஆனார். 1915இல் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மூரிஷ் பாணி வளைவுகள், உயர்ந்த கோபுரம், மின்தூக்கிக்கென விடப்பட்ட இடம், சுரங்கப்பாதைகள் என்று அவருடைய ஆசைகளுக்கு அளவே இருக்கவில்லை. 1926இல் லிஸ்பன் நகருக்குச் சென்றவர் அங்கேயே நிமோனியா கண்டு இறந்துபோனார். மாளிகை முடிக்கப்படாமலேயே நின்றுவிட்டது. 1999இல் 'அன்னா அண்ட் தி கிங்' என்ற ஹாலிவுட் படத்தின் சில காட்சிகளும் இங்கே எடுக்கப்பட்டன.

சென்ற ஆண்டு தவணை விடுமுறையில் நண்பர்கள் எழுவர் அங்கே சென்றோம். மூன்று மணி நேரம் இருந்தோம். எந்த அறையில் பேய் நடமாடும், எந்தப் படிக்கட்டில் குழந்தையின் குரல் கேட்கும் என்பதே எங்கள் பேச்சு முழுவதும். தாழ்வாரத்தில் ஸ்மித் துரை உலாவுகிறாராம்; ஓர் அறையில் அவருடைய மகள் தெரிகிறாளாம். நானும் ஆர்வத்தோடுதான் கேட்டேன். பேய்க் கதை யாருக்குத்தான் பிடிக்காது? திரும்பும் வழியில்தான் ஒன்று உறைத்தது. அந்த மாளிகையில் பேயாக வரும் உரிமைகூடத் துரைக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுந்தான்!

அங்கே உயிரைவிட்டவர்கள் வேறு. மாளிகை வேலைக்கென்றே மதராஸிலிருந்து தொழிலாளர்களையும் செங்கல்லையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது அங்கே வழங்கிவரும் வரலாறு. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் உலகையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் அத்தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிந்தார்கள். எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்க, அவரும் உதவினாராம். மாளிகையிலிருந்து சற்றுத் தொலைவில் அக்கோயில் இன்றும் இருக்கிறது. நன்றிக்கடனாக அதன் மேற்புறத்தில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே துரைக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலின் உச்சியில் ஒரு வெள்ளைக்காரர்! உலகப் பட்டியலில் இடம்பெறத் தகுந்த விசித்திரம் இதுதான் என்பேன். ஆனால், மாளிகைக்கு வருபவர்களில் எத்தனை பேர் கோயில் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள்? நாங்களே திருப்பியிருக்க மாட்டோம். கோயிலுக்குப் போயே ஆகவேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு தோழி அடம்பிடித்ததால்தான் அச்சிலையைப் பார்க்க முடிந்தது.

தொழிலாளர்கள் துரைக்குச் சிலை வைத்தார்கள். தொழிலாளர்களுக்கு யார் எதை வைத்தார்கள்?

"சுற்றுலா போன இடத்தில் சிரித்துவிட்டு வா. எல்லா இடத்தையும் துக்க வீடாக்காதே" என்று என் அறைத்தோழன் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பேய்க் கதை இல்லையென்றால் அம்மாளிகையை இன்று இத்தனை பேர் எட்டிப் பார்ப்பார்களா என்பதே ஐயம். நான் யாரையும் அழச் சொல்லவில்லை. கதையில் விடுபட்டவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமன்று. நாகசாக்கிக் கடலில் உள்ள ஹஷிமா தீவு நம் பல்கலைக்கழக வளாகத்தைவிடச் சிறியது, ஏறத்தாழ 6 ஹெக்டர்தான். 1959இல் அதில் 5,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நிலக்கரிச் சுரங்கம் 1974இல் மூடப்பட்டதும் தீவே காலியானது. 2009 முதல் சுற்றுப்பயணிகளை அனுமதிக்கிறார்கள். ஜேம்ஸ்பாண்ட் படத்து வில்லனின் தீவுக்கு மாதிரி இதுதான் என்று பலருக்கும் தெரியும். போர்க்காலத்தில் கொரியர்களும் சீனர்களும் அச்சுரங்கத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்டது அந்த அளவுக்குத் தெரியாது. 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தபோது, அவர்களையும் நினைவுகூர ஏற்பாடு செய்வதாக ஜப்பான் வாக்களித்தது. அது முறையாக நிறைவேறவில்லை என்று பாரம்பரியக் குழு 2021இல் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தது. கொரியர்கள் விடாமல் கேட்டார்கள். அதனால்தான் உலகம் அந்த அளவாவது திரும்பிப் பார்த்தது. நாம் கேட்கிறோமா?

சயாம் மரண ரயிலுக்கு வருகிறேன். 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள பாலம் இன்று பெரிய சுற்றுலாத்தலம். அங்குள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் துயில்கிறார்கள். வெட்டிய புல், வரிசை மாறாத கற்கள், பெரும்பாலான கற்களில் பெயர். ஆனால், அந்தப் பாதையில் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

என் பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவர். ரயில் சடக்கு போட என்று 1943இல் அழைத்துப் போனார்களாம். பாட்டி அப்போது வயிற்றில். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியை ஒருவர் இவ்வரலாற்றை ஒரு பாட வேளை முழுவதும் சொன்னார். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, ஜப்பானியர் ஆட்சி பற்றிய பாடத்தில் ஒரு வரியாக அது கடந்து போனது. எஞ்சியதை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம்மவர்கள் ஹட்ஞாய்க்குப் பேருந்து பிடித்துப் போய்ப் பை நிறைய வாங்கி வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே போகலாமே என்று சொன்னால் என்னைத்தான் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

நம் கழகம் ஆண்டுதோறும் சுற்றுலா ஏற்பாடு செய்கிறது. கடற்கரையும் நீர்வீழ்ச்சியும் பார்த்தாகிவிட்டது. அடுத்த முறை கெல்லி மாளிகைக்குப் போவோம். காலையில் மாளிகை, மதியம் கோயில். மாளிகையையும் கோயிலையும் சேர்த்துச் சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் நாமே நான்கு பக்கத்தில் எழுதி வைத்திருப்போம். பேய்க் கதையையும் அதில் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. அத்தோட்ட மக்களின் பிள்ளைகள் பத்து காஜா, கோப்பெங் பக்கம் இருக்கக்கூடும்; அவர்களைத் தேடிப் பேச்சைப் பதிவு செய்யக் கைப்பேசியே போதும்.

பாட்டியிடம் நான் தொடங்கிவிட்டேன். 82 வயதிலும் நினைவு தெளிவாக இருக்கிறது. அப்பாவைத் தோட்டத்து வாசலிலிருந்து லாரியில் ஏற்றியவர்களின் பெயர்களைத் தம் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறார். இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்துள்ளன.